ஸலாமைச் சுருக்கலாமா?

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறோம்.



சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் லுஹர் தொழுகை முடிந்து பள்ளியிலிருந்து வெளியே வந்தபோது, வயது முதிர்ந்த ஒரு தாய் தம் பேத்தியின் கையைப் பிடித்தபடி வாசலில் நமக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஹஜ்ரத்து, ஒரு மஸ்அலா கேக்கணும்."

"கேளுங்க உம்மா."

"எம் மவன் துபாயில இருக்கான். தினம் போன்ல எழுதி அனுப்புவான். எனக்கு இங்கிலீசு தெரியாது, இந்தப் புள்ளதான் வாசிச்சுச் சொல்லும். நேத்து இவ சொல்றா, 'வாப்பா ஸலாம்னு எழுதலை, எஸ், எல், எம்னு மூணு எழுத்துத்தான் போட்டிருக்காங்க'ன்னு. இத்தனை நாளா அவன் ஸலாம் சொல்றான்னு நெனச்சு நான் பதில் சொல்லிக்கிட்டிருந்தேன். அவன் ஸலாம் சொன்னானா, சொல்லலையா? நான் பதில் சொல்லணுமா, வேணாமா?"

பேத்தி தலையைக் குனிந்துகொண்டாள். நாமும் உடனே பதில் சொல்லவில்லை. ஏழாண்டுகள் மதரஸாவில் ஓதிய நமக்கு அந்தக் கேள்வி எளிதாகத் தோன்றவில்லை. "நாளை வாருங்கள் உம்மா, பார்த்துச் சொல்கிறேன்" என்று அனுப்பிவைத்தோம். அன்று இரவு நூல்களைப் புரட்டியபோது மனத்தில் எழுந்தவற்றைத்தான் இங்கே உங்கள் முன் வைக்கிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். சொற்களைச் சுருக்குவது ஹராம் என்று நாம் சொல்ல வரவில்லை. மனிதன் பேசத் தொடங்கிய நாள் முதல் நீண்ட சொல்லைச் சுருக்கியே வந்திருக்கிறான். ஆங்கிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1829ஆம் ஆண்டு லண்டனில் ஜார்ஜ் ஷில்லிபீர் என்பவர் பலரும் ஏறிச் செல்லக்கூடிய ஒரு குதிரை வண்டியை ஓடவிட்டார். அதன் பெயர் 'ஓம்னிபஸ்'. அது லத்தீன் சொல். 'எல்லாருக்கும்' என்பது பொருள். மக்கள் தலையை வெட்டிவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அந்த வால்தான் இன்று நாம் ஏறிப்போகும் 'பஸ்'. 'எல்லாரும்' என்ற பொருளைத் தாங்கிய பகுதி போய்விட்டது. ஆனாலும் பஸ் ஓடுகிறது. நாமும் ஊர் போய்ச் சேருகிறோம். யாருக்கும் நஷ்டமில்லை.

இப்படிச் சுருக்கப்பட்ட சொற்கள் வாயில் பிறந்து, பிறகே தாளுக்கு வருகின்றன. ஆகவே அவற்றை எப்படி எழுதுவது என்பதில் ஆங்கிலேயருக்குள்ளேயே தடுமாற்றம் உண்டு. 'ரெஃப்ரிஜிரேட்டர்' என்ற முழுச் சொல்லில் 'டி' என்ற எழுத்தே இல்லை. அதைச் சுருக்கி 'ஃப்ரிட்ஜ்' என்று எழுதும்போது ஒரு 'டி' உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. நம் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் 'மைக்' இருக்கிறதே, அதை 'எம்.ஐ.கே.இ.' என்றும் எழுதுகிறார்கள், 'எம்.ஐ.சி.' என்றும் எழுதுகிறார்கள். எப்படி எழுதினாலும் பாங்கின் ஓசை குறைவதில்லை. உலகக் காரியங்களுக்கான சொற்கள் குறுகுவதால் தீனுக்கு ஒரு சேதமும் இல்லை.

நம் முன்னோர்களான ஹதீஸ் கலை இமாம்களும் சுருக்கெழுத்தைக் கையாண்டவர்களே. 'நமக்கு அறிவித்தார்' என்ற பொருளுடைய 'ஹத்தஸனா' என்ற சொல்லை ஓர் ஏட்டில் நூற்றுக்கணக்கான முறை எழுத வேண்டியிருந்தது. அதனால் அதை 'ஸனா' என்றும், வெறும் 'னா' என்றும் எழுதினார்கள். 'அக்பரனா' என்பதை 'அனா' என்று எழுதினார்கள். ஆனால் அந்த ஏட்டை வாய்விட்டு வாசிக்கும்போது 'ஹத்தஸனா' என்று முழுமையாகவே வாசித்தார்கள். எழுத்தில்தான் சுருக்கம், நாவில் நிறைவு. இந்த ஒழுங்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இது நமக்குத் தேவைப்படும்.

அவ்வளவு ஏன்? நம் கண்மணி நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களே பெயர்களைச் சுருக்கி அழைத்திருக்கிறார்கள். அபூஹுரைரா ரலியல்லாஹு அன்ஹு அவர்களை 'அபா ஹிர்' என்று அழைத்தார்கள். அன்னை ஆயிஷா ரலியல்லாஹு அன்ஹா அவர்களை 'யா ஆயிஷ்' என்று அழைத்தார்கள். அழைக்கும் பெயரின் கடைசியைக் குறைத்துச் சொல்வதற்கு அரபு இலக்கணத்தில் 'தர்கீம்' என்று பெயர். அது அன்பின் அடையாளம்.

அந்த 'யா ஆயிஷ்' வருகின்ற ஹதீஸ் ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. அதைச் சற்று நிதானமாகப் பாருங்கள். ஒரு நாள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தம் துணைவியாரை அப்படிச் செல்லமாக அழைத்து, இதோ ஜிப்ரீல் உனக்கு ஸலாம் உரைக்கிறார் என்று தெரிவித்தார்கள். அன்னையார் என்ன மறுமொழி தந்தார்கள்? 'வஅலைஹிஸ் ஸலாம் வரஹ்மத்துல்லாஹி வபரக்காத்துஹு' என்று முழுமையாகச் சொன்னார்கள். ஒரே ஹதீஸில் இரண்டும் இருக்கின்றன. பெயர் அன்பால் குறுகியது. ஸலாம் அன்பால் நீண்டது. எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேறென்ன வேண்டும்?

அல்லாஹ் தன் திருமறையில், உங்களுக்கு முகமன் கூறப்பட்டால் அதைவிட அழகியதைக் கொண்டோ, குறைந்தது அதைப் போன்றதைக் கொண்டோ மறுமொழி கூறும்படி நமக்குக் கட்டளையிடுகிறான் (4:86). இம்ரான் இப்னு ஹுஸைன் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் அறிவிக்கும் ஒரு செய்தி திர்மிதீ, அபூதாவூத் ஆகிய நூல்களில் உள்ளது. ஒருவர் நபியவர்களின் சபைக்கு வந்து 'அஸ்ஸலாமு அலைக்கும்' என்றார். பத்து என்றார்கள் நபியவர்கள். அடுத்து வந்தவர் 'வரஹ்மத்துல்லாஹ்' என்பதையும் சேர்த்தார். இருபது என்றார்கள். மூன்றாமவர் 'வபரக்காத்துஹு' என்பதையும் சேர்த்துச் சொன்னார். முப்பது என்றார்கள். சொல் வளர வளர நன்மையும் வளருகிறது. நாமோ அந்த ஏணியில் மேலே ஏறாமல், முதற்படிக்கும் கீழே இறங்கி மூன்று எழுத்தில் நிற்கிறோம்.

ஸலாமைக் குறைப்பதால் பொருளே மாறிவிடும் அபாயமும் உண்டு. மதீனாவில் ஒரு கூட்டத்தார் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களிடம் வந்து, ஸலாம் சொல்வதுபோல் பாவனை செய்து 'அஸ்ஸாமு அலைக்கும்' என்றார்கள். 'ஸலாம்' என்றால் சாந்தி. நடுவிலுள்ள 'லாம்' விழுந்துவிட்டால் அது 'ஸாம்'. அதற்கு மரணம் என்று பொருள். ஆயிஷா ரலியல்லாஹு அன்ஹா அவர்கள் அதைப் புரிந்துகொண்டு கோபத்துடன் பதில் கொடுத்தார்கள். நாயகமோ, எல்லாக் காரியத்திலும் மென்மையையே அல்லாஹ் விரும்புகிறான் என்று அவர்களை அமைதிப்படுத்திவிட்டு, தாம் 'வஅலைக்கும்' என்று மட்டும் சொல்லிவிட்டதைச் சுட்டிக்காட்டினார்கள்.

இப்போது நம் தெருவில் நின்று காதைத் தீட்டிக் கேளுங்கள். சைக்கிளில் போகிறவர் எதிரே வருகிறவரிடம் 'ஸாமலைக்கும்' என்று சொல்லிக்கொண்டே போகிறார். எதிரே வருகிறவரும் 'அலைக்கும் ஸாம்' என்கிறார். இருவர் நெஞ்சிலும் துவேஷம் இல்லை, அவசரம்தான் இருக்கிறது. அமல்களெல்லாம் எண்ணத்தைப் பொறுத்தவை, அல்லாஹ் மன்னிப்பவன். ஆனாலும் அன்று பகைமையால் வெட்டப்பட்ட எழுத்தை இன்று நாம் சோம்பலால் வெட்டலாமா?

சுருங்கிச் சுருங்கி ஒரு துஆ எங்கே போய் முடியும் என்பதற்கு ஆங்கிலத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. விடைபெறும்போது 'குட்பை' என்கிறார்களே, அது முதலில் 'காட் பி வித் யி' என்று இருந்தது. 'இறைவன் உன்னுடன் இருப்பானாக' என்பது அதன் பொருள். அது அவர்களுடைய துஆ. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே அதை ஒட்டிச் சேர்த்து ஒரே சொல்லாக எழுதத் தொடங்கிவிட்டார்கள். 'குட் மார்னிங்', 'குட் ஈவினிங்' போன்ற சொற்களின் சாயலில் 'காட்' என்பது 'குட்' ஆகிவிட்டது. பிறகு அதுவும் நீளமென்று 'பை' என்றார்கள். இன்று இறைவனே இல்லை என்பவனும் அதைச் சொல்லிக் கையசைக்கிறான். அவன் சொல்வது ஒரு பிரார்த்தனையின் மிச்சம் என்று அவனுக்கும் தெரியாது, கேட்பவனுக்கும் தெரியாது. இறைவனின் பெயர் சொல்லிலிருந்து நழுவிப்போன நாளை யாரும் குறித்துவைக்கவில்லை. நம் பிள்ளைகளின் பிள்ளைகள் நாளை 'எஸ்.எல்.எம்.' என்று எழுதும்போது அது அல்லாஹ்விடம் சாந்தி வேண்டும் துஆ என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்குமா? அந்தத் தாயின் கேள்வியில் அடங்கியிருந்த ஆபத்து இதுதான்.

ஸலாமுக்குச் சொன்னது ஸலவாத்துக்கும் பொருந்தும். அல்லாஹ்வும் அவனுடைய மலக்குகளும் நபியின்மீது ஸலவாத் சொல்கிறார்கள் என்று அறிவித்துவிட்டு, ஈமான் கொண்டோரே நீங்களும் ஸலவாத்தும் ஸலாமும் சொல்லுங்கள் என்று அல்லாஹ் ஏவுகிறான் (33:56). ஒரு முறை நாம் ஸலவாத் சொன்னால் அல்லாஹ் நம்மீது பத்து முறை அருள்புரிகிறான் என்று முஸ்லிம் ஷரீஃபில் வருகிறது. தம் பெயர் கூறப்பட்டும் ஸலவாத் சொல்லாதவனே கஞ்சன் என்று நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் சொன்னதாகத் திர்மிதீயில் வருகிறது. பணத்தில் கஞ்சத்தனம் செய்பவனுக்குப் பணமாவது மிஞ்சும். எழுத்தில் கஞ்சத்தனம் செய்பவனுக்கு என்ன மிஞ்சும்?

இன்று ஆங்கிலத்தில் எழுதும் நம் இளைஞர்கள் நாயகத்தின் பெயருக்குப் பின்னால் 'எஸ்.ஏ.டபிள்யூ.' என்று போடுகிறார்கள். அந்த மூன்று எழுத்தையும் சேர்த்து வாசித்தால் ஆங்கிலத்தில் 'பார்த்தான்' என்றும் பொருள். மரம் அறுக்கும் ரம்பம் என்றும் பொருள். இன்னும் சிலர் 'பி.பி.யு.எச்.' என்று போடுகிறார்கள். தமிழில் மட்டும் என்ன வாழ்ந்தது? அடைப்புக்குறிக்குள் 'ஸல்' என்று அச்சிடுகிறோம். மக்தபில் ஒரு சிறுவனை வாசிக்கச் சொன்னோம். 'முஹம்மது ஸல் அவர்கள்' என்று வாசித்தான். "ஸல் என்றால் என்ன தம்பி?" என்று கேட்டோம். "நபி அவங்களோட இனிஷியல் ஹஜ்ரத்" என்றான். வகுப்பு சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டவர்கள் நாமல்லவா?

ஹிஜ்ரி 643இல் மறைந்த இமாம் இப்னுஸ் ஸலாஹ் ரஹ்மத்துல்லாஹி அலைஹி அவர்கள், ஹதீஸ் எழுதுகிறவருக்குரிய ஒழுக்கங்களைத் தம் நூலில் விவரிக்கிறார்கள். நபியவர்களின் பெயர் வரும்போதெல்லாம் ஸலவாத்தை எழுத வேண்டும், எத்தனை முறை திரும்ப வந்தாலும் சலிப்படையக்கூடாது, இரண்டொரு எழுத்துகளை அடையாளமாகப் போட்டு அதைக் குறைத்துவிடக்கூடாது என்று எச்சரிக்கிறார்கள். 'ஹத்தஸனா'வைச் சுருக்க இடம்கொடுத்த அதே கலையின் இமாம்கள்தாம் ஸலவாத்தைச் சுருக்குவதை வெறுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். ஹம்ஸா அல்கினானி என்ற ஹதீஸ் அறிஞரைப் பற்றிய செய்தி ஒன்றையும் அங்கே குறிப்பிடுகிறார்கள். அவர் 'ஸல்லல்லாஹு அலைஹி' என்று எழுதிவிட்டு 'வஸல்லம்' என்பதை விட்டுவிடுவாராம். ஒரு நாள் கனவில் நாயகத்தைக் கண்டார். என்மீதான ஸலவாத்தை நீ ஏன் நிறைவு செய்வதில்லை என்று கேட்டார்களாம். அதன்பின் அவர் ஒருபோதும் 'வஸல்லம்' என்பதை விட்டதில்லை. கனவு சட்டமாகாது என்பதை நாம் அறிவோம். ஆனால் ஒரு சொல்லுக்காக அவர்கள் எவ்வளவு கவலைப்பட்டார்கள் என்பது தெரிகிறதல்லவா?

நியாயம் கருதி இன்னொரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் ரஹ்மத்துல்லாஹி அலைஹி அவர்களின் கையெழுத்தில் சில இடங்களில் நபியவர்களின் பெயர் ஸலவாத் எழுதப்படாமல் இருந்ததைத் தாம் கண்டதாக கதீப் பக்தாதீ ரஹ்மத்துல்லாஹி அலைஹி அவர்கள் கூறுகிறார்கள். ஆனால் எழுதும்போது இமாமவர்கள் நாவால் ஸலவாத்தை மொழிவார்கள் என்ற தகவலும் தமக்குக் கிடைத்ததாக அவர்களே சேர்த்துச் சொல்கிறார்கள். ஆகவே இடம் போதாமையால் அடைப்புக்குறிக்குள் 'ஸல்' என்று அச்சிடுகிறவர்களைப் பாவிகள் என்று நாம் சொல்லமாட்டோம். நம் ஏடுகளும் நூல்களும் பல காலம் அப்படித்தான் வந்திருக்கின்றன. அந்தக் குறி, 'இங்கே நாவு முழு ஸலவாத்தைச் சொல்லட்டும்' என்று நினைவூட்டும் ஒரு மணி. மணி அடித்தும் எழுந்திருக்காமல் இருப்பதுதான் குற்றம்.

இனிப் பெயர்களுக்கு வருவோம். 'முஹம்மது' என்ற திருப்பெயர் நம் சான்றிதழ்களில் 'எம்.ஓ.எச்.டி.' என்றும், 'எம்.டி.' என்றும் கிடக்கிறது. 'எம்.டி.' என்றால் மருத்துவப் பட்டமா, நாயகத்தின் பெயரா என்று புரியாது. பள்ளிக்கூடச் சான்றிதழில் ஒரு விதம், ஆதாரில் ஒரு விதம், பாஸ்போர்ட்டில் ஒரு விதமென்று எழுதிவைத்துவிட்டுப் பிறகு வெளிநாட்டு விசாவுக்கும் ஹஜ்ஜுக்கும் விண்ணப்பிக்கும்போது அலைகிறோம். பிள்ளை பிறந்த அன்றே முழுப்பெயரை ஒரே எழுத்துக்கோர்வையில் எல்லா இடத்திலும் பதிந்தால் துன்யாவிலும் அலைச்சல் இல்லை.

இதைவிடக் கவலைக்குரியது 'அப்து' என்று தொடங்கும் பெயர்கள். 'அப்துர் ரஹ்மான்' என்றால் 'ரஹ்மானின் அடிமை'. அதை 'அப்துல்' என்று வெட்டி அழைத்தால் 'இன்னாருடைய அடிமை' என்பதில் அந்த இன்னார் யாரென்றே தெரியாமல் பாதியில் தொங்குகிறது. மறுபக்கத்தை வெட்டி 'ரஹ்மான்' என்று மட்டும் அழைத்தால் அது அல்லாஹ்வுக்கே உரிய திருநாமம். 'ரஸ்ஸாக் கடன் வாங்கிக்கொண்டு திருப்பித் தரவில்லை' என்று கடைத்தெருவில் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். ரஸ்ஸாக் என்றால் யார்? படைப்புகள் அனைத்துக்கும் உணவளிப்பவன்! அஸ்தஃபிருல்லாஹ்! செல்லமாக அழைக்க வேண்டுமென்றால் வேறு பெயர் வையுங்கள். 'தம்பி' என்றோ 'ராசா' என்றோ கூப்பிடுங்கள். அல்லாஹ்வின் நாமத்தில் கத்தரிக்கோலை வைக்காதீர்கள்.

மவுத்துச் செய்தி வந்தால் பலர் 'இன்னா லில்லாஹி' என்று மட்டும் எழுதி நிறுத்திவிடுகிறார்கள். நாம் அல்லாஹ்வுக்கே உரியவர்கள் என்பது அதன் முதற்பாதி. 'வஇன்னா இலைஹி ராஜிஊன்' என்ற பிற்பாதிதான் நாமும் அவனிடமே திரும்பப் போகிறோம் என்பதைச் சொல்கிறது. மவுத்து நமக்குப் புகட்ட வந்த பாடமே அந்தப் பிற்பாதிதானே!

"ஹஜ்ரத், அவசர உலகம், எழுத நேரமில்லை" என்று சொல்வீர்கள். ஒரு காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. கைபேசியில் எஸ்.எம்.எஸ். அனுப்பிய நாள்களில் ஒரு செய்திக்கு ஆங்கிலத்தில் 160 எழுத்துகள்தாம். தமிழிலோ அரபியிலோ எழுதினால் 70தான். மிஞ்சினால் இன்னொரு செய்தியின் காசு. இன்று அந்தக் கட்டு இல்லை. முழு ஸலாமையும் ஒரு முறை பதிந்துவைத்தால் அடுத்த முறை ஒரே தொடுதலில் வந்து நிற்கிறது. முழு ஸலவாத்தும் ஒரே எழுத்துருவாக அரபு எழுத்தில் கைபேசியிலேயே கிடைக்கிறது. காரணம் போய்விட்டது, பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

அந்தப் பழக்கத்துக்கு நாமும் ஒரு காலத்தில் அடிமைப்பட்டிருந்தோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்தபோது ஊரிலிருந்த நம் வாப்பாவுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்புவோம். தொடக்கத்தில் 'ஏ.எஸ்.ஏ.' என்று மூன்று எழுத்துகளைப் போடுவோம். விடுமுறைக்கு வீடு சென்றபோது வாப்பா கேட்டார்கள்: "ஆசா, ஆசான்னு எழுதுறியே, யாரு மகனே அது?" அது ஸலாமின் சுருக்கம் என்று சொன்னோம். வாப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "முப்பது நன்மையை வாப்பாவுக்குத் தர உனக்கு எத்தனை பைசா கூடுதலாகும்? அதையும் நானே அனுப்புறேன்" என்றார்கள். கோபித்துச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள். வாப்பா இன்று இல்லை. அவர்களுக்கு நாம் ஸலாம் சொல்வது கபுறுஸ்தானில் நின்றுதான். அங்கே நாம் ஒரு சொல்லையும் குறைப்பதில்லை. ஹயாத்தோடு இருந்தபோது குறைத்ததை நினைத்துத்தான் ஒவ்வொரு முறையும் வருந்துகிறோம்.

மறுநாள் அந்தத் தாய் வந்தார்கள். நாம் சொன்னோம்: "உம்மா, கடிதத்தில் ஒருவர் ஸலாம் எழுதினால் வாசித்தவுடன் பதில் சொல்வது அவசியம் என்று இமாம் நவவீ ரஹ்மத்துல்லாஹி அலைஹி அவர்கள் எழுதியிருக்கிறார்கள். மூன்று எழுத்துக் குறியில் ஸலாமின் வாசகம் முழுமையாக இல்லை. ஆகவே பதில் கடமையாகுமா என்று விவாதிக்க இடமுண்டு. ஆனால் உங்கள் மகன் ஸலாமைத்தான் நாடினார். இத்தனை நாள் நீங்கள் சொன்ன பதில் எதுவும் வீண்போகாது, இன்ஷா அல்லாஹ். அவர் குறைத்து எழுதினாலும் நீங்கள் நிறைத்துச் சொல்லுங்கள்."

அந்தத் தாய் அங்கேயே பேத்தியிடம் கைபேசியைக் கேட்டார்கள். குரலைப் பதிந்து அனுப்பும் வசதியை அவள் திறந்துகொடுத்தாள். "அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரக்காத்துஹு. மவனே, உம்மா பேசுறேன்" என்று தொடங்கினார்கள். அடுத்த ஜும்ஆவில் அந்தப் பேத்தியின் தம்பி நம்மிடம் வந்து சொன்னான்: "ஹஜ்ரத், வாப்பா இப்ப எழுதுறதில்லை. அவங்களும் குரல்லதான் ஸலாம் சொல்றாங்க, முழுசா."

அன்பர்களே! பஸ்ஸைச் சுருக்குங்கள், மைக்கைச் சுருக்குங்கள்; தடையில்லை. அல்லாஹ்விடம் கேட்கும் துஆவைச் சுருக்காதீர்கள். இன்றிரவு உங்கள் வீட்டில் பிள்ளைகளை உட்காரவைத்து, ஸலாமின் முழு வாசகத்தையும் அதன் பொருளையும் கேட்டுப் பாருங்கள். அடைப்புக்குறிக்குள் 'ஸல்', 'அலை', 'ரலி', 'ரஹ்' என்று வருவதை எப்படி வாசிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். தெரியாவிட்டால் கடிந்துகொள்ளாதீர்கள், நம் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மென்மையையே கற்றுத்தந்தார்கள்.

யா அல்லாஹ்! எங்கள் நாவுகளை உன் திக்ரில் சலிப்படையாதவையாக ஆக்குவாயாக! எங்கள் பெற்றோருக்கு நாங்கள் குறைத்த ஸலாமை நீ உன் அருளால் நிறைத்துக்கொடுப்பாயாக! ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரக்காத்துஹு.